அப்பா பேர்ல ஒரு வாட்டர் வாஷ்

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது. போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ்ல ஸ்டாண்டப் மீட்டிங் நடுவில, என் சித்தப்பா பையன் அனுப்பினான்: "அண்ணா, வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் சொல்லணும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் டிசைன் கேக்கிறார்."

என்ன பேர்னு கேட்டீங்கன்னா, அவனோட புதுக் கடைக்கான பேர். ஆறு வருஷம் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டர்ல வேலை பார்த்தவன், அதை விட்டுட்டு குரோம்பேட்டை தாண்டி ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கான். ரெண்டு பிரஷர் மெஷின். ஒண்ணு ஷெட்லயே இருக்கும், பைக், கார் வாட்டர் வாஷுக்கு. இன்னொண்ணு தூக்கிட்டுப் போற மாதிரி சின்னது, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஞாயித்துக்கிழமை ஆனா அதை எடுத்துட்டு ஃப்ளாட்களுக்குப் போய் மொட்டை மாடி பாசி, பார்க்கிங் தரை, காம்பவுண்டு சுவர் எல்லாம் அடிச்சுக் கழுவிக் கொடுக்கிறதா பிளான். காசு எங்கிருந்து வந்ததுன்னா, சித்தியோட ரெண்டு வளையல் அடகுக் கடையில இருக்கு.

கூடவே பதினோரு பேர் கொண்ட ஒரு லிஸ்ட்டும் அனுப்பியிருந்தான். ஷைன் ஆட்டோ ஸ்பா. ஸ்பீடு வாட்டர் வாஷ். ஏ ஒன் கிளீனிங் சர்வீஸ். ஜெட் கிங். இப்படியே போகுது. பன்னிரண்டாவதா ஒரு வாய்ஸ் நோட். "அம்மா அப்பா பேரத்தான் வைக்கணுங்கிறாங்க. எனக்கு பயமா இருக்கு அண்ணா. நாளைக்கு எவனாவது கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டு, இவன் வேஸ்ட், திருடன்னு எழுதினா? அப்பாவைத் திட்டுற மாதிரி இருக்காதா?"

சித்தப்பா இறந்து நாலு வருஷம் ஆகுது. அம்பத்தூர்ல லேத் பட்டறையில வாழ்க்கை முழுக்க இன்னொருத்தர் பேர் போட்ட போர்டுக்குக் கீழ வேலை பார்த்தவர். சித்திக்கு அந்த வளையல் எதுக்குப் போச்சுங்கிறதுல ஒரு கணக்கு இருக்கு.

நான் என்ன பண்ணேன்? இன்ஜினியர் என்ன பண்ணுவான், ஒரு ஷீட் போட்டேன். எத்தனை எழுத்து, போன்ல சொன்னா புரியுமா, டொமைன் காலியா இருக்கா, இப்படி மார்க் போட்டுப் பார்த்தா ஜெட் கிங் முதலிடம். ஆனா அந்த வாய்ஸ் நோட்டை எந்தக் காலத்துல போடுறதுன்னு தெரியல. அப்புறம்தான் ஷீட்டை மூடிட்டு, இதுக்கு முன்னாடி சின்னத் தொழில் பண்ணவங்க எல்லாம் எப்படிப் பேர் வச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல மாட்டினது டெலிபோன் டைரக்டரி. 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் அச்சான டைரக்டரி ஒரே ஒரு தாள். ஐம்பது சந்தாதாரர்கள். அதில் நம்பரே கிடையாது! ரிசீவரை எடுத்து ஆபரேட்டரிடம் பேரைச் சொன்னால் இணைப்பு கொடுப்பார்கள். அதாவது பேர்தான் நம்பர். பிறகு ஊர்கள் வளர்ந்து, டைரக்டரி தலையணை சைஸுக்கு வந்து, தொழில்களுக்கென்று தனியாக மஞ்சள் பக்கங்கள் வந்தபோது ஒரு விஷயம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பைப் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் ஓடும்போது யாரும் எல்லா பிளம்பரையும் படித்துப் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். பட்டியலில் மேலே இருப்பவருக்குத்தான் போன் போகும். அகரவரிசையில் மேலே வர என்ன வழி? ஏ. ஒருத்தர் 'ஏ பிளம்பிங்' என்று வைத்தால் அடுத்தவர் 'ஏஏ', அதற்கடுத்தவர் 'ஏஏஏ'. கார்ட்டூன்ல அந்த ஓநாய் ரோட் ரன்னரைப் பிடிக்க வாங்குற சாமான் எல்லாத்துலயும் 'அக்மி'ன்னு போட்டிருக்குமே, ஞாபகம் இருக்கா? உச்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. ஏ-வில் தொடங்குவதால் நிஜத்திலேயே ஏகப்பட்ட அமெரிக்கக் கடைகள் அந்தப் பேரில் இருந்தன.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. ஆப்பிள் என்று பேர் வைத்ததற்கு ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்ன காரணங்களில் ஒன்று, டைரக்டரியில் அது அடாரிக்கு முன்னால் வரும் என்பது. அடாரி அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனி. ஜெஃப் பெசோஸ் 1994-ல் முதலில் பதிவு செய்த பேர் கடாப்ரா, மந்திரவாதி சொல்லும் அப்ரகடாப்ராவிலிருந்து எடுத்தது. போனில் கேட்ட வக்கீல் காதில் அது 'கடாவர்' என்று விழுந்தது. அப்படியென்றால் பிணம். பேர் அமேசான் ஆனது. அப்போது இணையதளப் பட்டியல்கள் அகரவரிசையில் இருந்ததும் ஒரு காரணம்.

அப்புறம் கூகுள் காலம். மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதையே டொமைன் பேராக வாங்கினால் ரிசல்ட்டில் மேலே வரலாம் என்று ஒரு கூட்டமே கிளம்பியது. கூகுள் 2012 செப்டம்பரில் ஓர் அப்டேட் போட்டு, பேர் பொருந்துது என்பதற்காக மட்டும் மேலே வந்த மட்டமான தளங்களைக் கீழே தள்ளியது. ஆசை விடுமா? நியூயார்க்கில் ஓர் உணவகம் தன் பேரையே 'பக்கத்துல தாய்லாந்து சாப்பாடு' என்று பொருள் வரும்படி வைத்தது. தேடுகிறவர் டைப் பண்ணுவதே கடையின் பேர்.

தம்பியோட லிஸ்ட்ல இருந்த 'ஏ ஒன் கிளீனிங் சர்வீஸ்' எந்தக் காலத்துப் பேர்னு இப்போ புரிஞ்சிருக்கும். அவனுக்கே தெரியாம, அவன் பொறந்தப்பவே செத்துக்கிட்டு இருந்த ஒரு புத்தகத்துக்காக வச்ச பேர் அது. இந்த வகைப் பேர்கள் எல்லாமே கடையைத் தெரியாத ஒருத்தர் முதல் தடவை கண்டுபிடிக்கிறதுக்கானவை. வந்துட்டுப் போனவர் வீட்டுக்குப் போய், மச்சான்கிட்ட "அங்க கொண்டு போய் விடு"ன்னு சொல்லும்போது என்ன வார்த்தை வாயில வரும்? அதுக்கு இந்த வரிசை எதுவும் உதவாது.

அந்த வார்த்தையைத் தேடித்தான் ஷெட்டுக்குப் போனேன். அங்க அந்த செகண்ட் ஹேண்ட் மெஷின் நின்னுக்கிட்டு இருந்தது, மஞ்சக் கலர்ல, மேல ஒரு பேரோட. கார்ச்சர்.

நாம கார்ச்சர்னு சொல்றோம். ஜெர்மன்காரங்க கிட்டத்தட்ட 'கெர்ஷர்'னு சொல்வாங்க. பிரெஞ்சுக்காரங்க 'கார்ஷேர்'. மூணு நாட்டுல மூணு மாதிரி வாயில நுழையுற பேரை எந்தப் பிராண்டிங் ஆலோசகரும் இன்னைக்கு பாஸ் பண்ண மாட்டார். என் ஷீட்ல போட்டா அடியில இருந்து முதலிடம். ஏன்னா அது யாரும் யோசிச்சு வச்ச பேரே இல்ல. ஒரு ஆளோட குடும்பப் பேர்.

ஆல்ஃபிரட் கார்ச்சர், 1901-ல் பிறந்த இன்ஜினியர். 1935-ல் ஷ்டுட்கார்ட் நகரத்தின் ஒரு பகுதியான பாட் கான்ஷ்டாட்டில் கம்பெனி தொடங்கியபோது கழுவுவதற்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. செய்தது உலோகத்தைக் கடினமாக்கும் உப்புக் குளியல் உலைகள். 1939-ல் பக்கத்தில் வின்னென்டன் என்ற சின்ன ஊருக்கு மாறினார். அது ஹிட்லரின் ஜெர்மனி. கம்பெனி விமான இன்ஜின்களைக் குளிரில் சூடேற்றும் கருவிகளைச் செய்து கொடுத்தது. இதைச் சொல்லாம விட்டா கதை ரொம்பச் சுத்தமா ஆகிடும். போர் முடிந்தபோது நாடே இடிபாடு. அடுப்பு, தள்ளுவண்டி, டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் என்று விற்கக்கூடியது எதுவோ அதைச் செய்தார்கள்.

1950-ல்தான் சூடான தண்ணீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் மெஷின் வந்தது, டிஎஸ் 350 என்ற பேரில். ஐரோப்பாவில் அதுதான் முதல். (உலகத்திலேயே முதல்னு சொல்ல முடியாது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஃபிராங்க் ஓஃபெல்ட் 1920-களிலேயே நீராவி பிரஷர் வாஷரைச் செய்துவிட்டார். அதுக்கு வச்ச பேர் ஜென்னி! பக்கத்து வீட்டுப் பொண்ணு பேர் மாதிரி. அங்கே பழைய மெக்கானிக்குகள் நீராவி அடிக்கிற எந்த மெஷினையும் 'ஸ்டீம் ஜென்னி' என்றே சொல்வார்கள்.)

இந்தக் கதையில நான் நின்ன இடம் 1959. ஆல்ஃபிரட் 58 வயதில் இறந்துபோனார். அவருடைய மனைவி இரெனே கம்பெனியை எடுத்து நடத்தினார். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, முப்பது வருஷம், 1989-ல் தான் இறக்கும் வரைக்கும். நாமெல்லாம் இன்னைக்குப் பார்க்கிற கார்ச்சரை உருவாக்கினது அவங்கதான்னு நான் சொல்வேன். வெளிநாட்டு முதல் கிளை அவர் காலத்தில், 1962-ல். எழுபதுகளில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு உயர் அழுத்தக் கழுவும் மெஷின் மட்டும் போதும் என்ற முடிவு அவர் காலத்தில். அந்த மஞ்சள் நிறம் அவர் காலத்தில். 1984-ல் தொழிற்சாலைக்கு மட்டுமில்லாமல் வீட்டில் கார் கழுவுகிறவரும் வாங்கக்கூடிய, தூக்கிச் செல்லும் மெஷின் வந்ததும் அவர் காலத்தில்தான். இதுல பேர் மாத்துறதுக்கு எத்தனையோ வாய்ப்பு இருந்திருக்கும். மாத்தல.

சித்தி ஞாபகம் வந்ததா? எனக்கு வந்தது. தம்பிகிட்ட இதைச் சொன்னேன். "பாரு அண்ணா, அம்மா சொல்றதுதான் சரி போல"ன்னு சொல்லிட்டு கன்னைக் கீழ வச்சான். நான் "இரு, கதை முடியல"ன்னேன்.

1962-ல் திறந்த அந்த முதல் வெளிநாட்டுக் கிளை எந்த நாட்டில் தெரியுமா? பிரான்ஸ். அங்கே பெட்ரோல் பங்க், பண்ணை, வீடு என்று எல்லா இடத்துக்கும் அந்த மெஷின் போய், கொஞ்சம் கொஞ்சமாக எந்தக் கம்பெனி பிரஷர் வாஷராக இருந்தாலும் அதற்குப் பேர் கார்ஷேர் என்றானது. நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி வண்டி வந்து மண்ணைத் தோண்டினாலும் அது ஜேசிபிதானே, அதே மாதிரி. ஜேசிபியும் ஒரு ஆளோட பேர்தான், ஜோசப் சிரில் பாம்ஃபர்ட். 1945-ல் இங்கிலாந்தில் தன் மகன் பிறந்த அன்றைக்கே தொழிலைத் தொடங்கியவர். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் அந்தப் பேரை வினைச்சொல்லாகவே ஆக்கினார்கள். சுவரை கார்ஷேர் பண்ணு, தரையை கார்ஷேர் பண்ணு. ஒரு சின்ன ஊர் இன்ஜினியரோட குடும்பப் பேர் வேற நாட்டு மொழியில வினைச்சொல். பேர் ஞாபகத்துல நிக்கணும்னு ஆசைப்படுற யாருக்கும் இதுக்கு மேல என்ன வேணும்?

2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸில் அன்று தந்தையர் தினம். பாரிஸுக்கு வடக்கே லா கூர்நவ் என்ற புறநகரில், அறுபதுகளில் கட்டிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய நாலாயிரம் வீடுகள் என்பதால் அதற்குப் பேரே 'நாலாயிரம்'. வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அன்றைக்கு 11 வயதுப் பையன் ஒருவன் கட்டடத்துக்கு வெளியே தன் அப்பாவின் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். ரெண்டு கோஷ்டிகளின் சண்டையில் பறந்த குண்டு அவன்மேல் பாய்ந்து, இறந்துபோனான்.

இதை முதல்ல படிச்சப்போ லேப்டாப்பை மூடிட்டேன். இந்த எபிசோடு பேர் வைக்கிறதைப் பத்தினது, ஜாலியா போகும்னு நினைச்சுதான் தேட ஆரம்பிச்சிருந்தேன்.

அப்போது உள்துறை அமைச்சர் நிக்கோலா சர்கோசி. அங்கே நேரில் போனார். இந்தக் குடியிருப்பை கார்ஷேர் வைத்துச் சுத்தம் செய்வோம் என்று சொன்னார். அடுத்த சில நாட்களில் திரும்பவும் சொன்னார். குற்றவாளிகளைத்தான் சொன்னேன் என்பது அவர் தரப்பு. அந்த வீடுகளில் வாழ்ந்த பலருக்கு அது வேறு மாதிரி கேட்டது. கார்ஷேர் எதைப் போக்கும்? அழுக்கை. அப்போ நாங்க யாரு?

அந்த வார்த்தை நாடு முழுக்கப் பரவியது. அதே வருஷம் அக்டோபர் 27-ல் வேறொரு புறநகரில், போலீஸுக்குப் பயந்து மின்சார சப் ஸ்டேஷனுக்குள் ஒளிந்த ரெண்டு பையன்கள் இறந்து, கலவரம் வெடித்து, நவம்பரில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. அதற்கு ஒரு வார்த்தை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். வேலையின்மை, போலீஸ் சோதனை, பல வருஷப் புறக்கணிப்பு எல்லாம் இருந்தது. ஆனா அந்த வருஷத்து பிரான்ஸைப் பத்தி எழுதுற யாரும் கார்ஷேர்ங்கிற வார்த்தையைத் தாண்டிப் போக முடியாது.

இப்போ வின்னென்டன்ல இருக்கிற குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. அவங்க எந்தத் தப்பும் பண்ணல. சொல்லப்போனா அதே 2005 ஜூலையில் அவர்களுடைய ஆட்கள் அமெரிக்காவில் ரஷ்மோர் மலையில் செதுக்கிய நாலு ஜனாதிபதிகளின் முகங்களை, கயிற்றில் தொங்கியபடி, இலவசமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் ரியோவின் பிரமாண்ட இயேசு சிலையையும் கழுவியவர்கள். விளம்பரத்துக்குத்தான், ஆனா அழகான விளம்பரம். ஒரு பக்கம் பேர் மலை உச்சியில. இன்னொரு பக்கம் அதே பேர், அதே வெயில் காலத்துல, மனுஷங்களை அழுக்குன்னு சொல்ற வார்த்தை.

கம்பெனி தன்னை அந்தப் பேச்சிலிருந்து விலக்கிக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. 2022 ஜனவரியில், 17 வருஷம் கழித்து, ஜனாதிபதி வேட்பாளர் வலேரி பெக்ரெஸ் அந்த கார்ஷேரை நிலவறையிலிருந்து திரும்ப வெளியே எடுக்க வேண்டும் என்று பேசினார். இந்தத் தடவை கம்பெனி அறிக்கையே விட்டது: அரசியல்வாதிகளும் ஊடகங்களும் எங்கள் பேரைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். பெக்ரெஸ் தேர்தலில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே வாங்கித் தோற்றார். வார்த்தை அப்படியேதான் இருக்கு.

நிறுத்துங்கன்னு கேக்கத்தான் முடியும். டிரேட்மார்க் சட்டம் உங்க பேரை இன்னொருத்தர் தன்னோட மெஷின்ல ஒட்டி விக்கிறதைத் தடுக்கும். மேடையில பேசுற வாயை மூடாது. அதோட இந்தக் கம்பெனிகள் இப்படி அறிக்கை விடுறதுக்கு இன்னொரு பயமும் உண்டு. ஒரு பேர் பொதுச்சொல் ஆகி, உரிமையாளர் கையைக் கட்டிக்கிட்டு இருந்தா, டிரேட்மார்க்கே பறிபோகலாம். 'எஸ்கலேட்டர்' ஒரு காலத்தில் ஓட்டிஸ் கம்பெனிக்கு மட்டுமே சொந்தமான பேர். அமெரிக்காவில் 1950-ல் அதை இழந்தார்கள். 'தெர்மாஸ்' 1963-ல். ஜெராக்ஸ் கம்பெனி எங்க பேரை வினைச்சொல்லா பயன்படுத்தாதீங்கன்னு பத்திரிகைகளில் விளம்பரமே போட்டது. நம்ம தெரு முனையில 'இங்கு ஜெராக்ஸ் எடுக்கப்படும்'னு எழுதினவருக்கு அந்த விளம்பரம் போய்ச் சேரல.

சரி, தம்பியோட லிஸ்ட்டுக்கு வருவோம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு தீர்ப்பு இருக்கு. 1976-ல் அமெரிக்காவில், 'சஃபாரி' என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் நீதிபதி ஹென்றி ஃபிரெண்ட்லி பேர்களைப் படிப்படியாகப் பிரித்தார். பொருளின் பேரே பேர், அடிமட்டம், யாருக்கும் சொந்தமாகாது. அதற்கு மேலே, பொருளின் குணத்தைச் சொல்லும் பேர், லேசில் கிடைக்காது. அதற்கும் மேலே, குணத்தைக் குறிப்பால் உணர்த்தும் பேர். உச்சியில், பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத பேரும் புதிதாகக் கண்டுபிடித்த சொல்லும். கோடாக் மாதிரி. ஈஸ்ட்மனுக்கு ஆங்கில 'கே' எழுத்து பிடிக்கும், அதனால் ரெண்டு பக்கமும் அதையே வைத்து எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லை 1888-ல் செய்தார். நம்ம ஊர் 1999-ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டத்திலும் 9-ஆவது பிரிவு இதே மாதிரிதான் யோசிக்கிறது.

இந்த ஏணியில வச்சுப் பார்த்தா 'வாட்டர் வாஷ்' அடிமட்டம். 'ஸ்பீடு' அதுக்கு ஒரு படி மேல, வேகமா கழுவுவோம்னு சொல்லுது, அவ்ளோதான். 'ஷைன்' குறிப்பா ஏதோ சொல்லுதுன்னு வாதாடலாம், ஆனா ஊர் முழுக்க ஷைன். 'ஜெட் கிங்'ல ஜெட் நேரா அந்தத் தொழிலோட வார்த்தை. என் ஷீட்டில் முதலிடம் வாங்கினதுக்குச் சட்டப்படி இவ்ளோதான் மரியாதை. ஆனா சித்தப்பா பேர் இருக்கே, அதுக்கும் தண்ணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. போர்டில் வைத்து நாலு வருஷம் ஒழுங்காகத் தொழில் செய்தால் அது இவனுடையதாகும். நாளைக்கே பதிவு பண்ணணும்னாலும் 37-ஆம் வகுப்பில், தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். வளையலை மீட்ட பிறகு பாத்துக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

இன்னொரு நடைமுறை விஷயம். தமிழ்நாட்டில் கடை போர்டில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, வேறு மொழி இரண்டு என்று கணக்கு இருக்கிறது. 'ஆட்டோ ஸ்பா'வைத் தமிழ்ல பெருசா எழுதிப் பாருங்க. நான் எழுதிப் பார்த்தேன். படிக்க ஒரு நொடி கூட ஆகுது. சித்தப்பா பேர் நாலு எழுத்து.

சட்டம், ஏணி எல்லாம் சரி. அவன் கேட்ட கேள்விக்கு இதெல்லாம் பதில் இல்லைன்னு எனக்கும் தெரியும். திட்டுவாங்களா? திட்டுவாங்க. ஒரு கார்ல கீறல் விழும், ஒரு ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லிட்டுப் போக முடியாது, எவனாவது எழுதத்தான் போறான். கார்ச்சர் மாதிரி பேர் உலகம் பூரா போச்சுன்னா யார் வாயில எப்படி வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. குரோம்பேட்டை அளவுல நின்னாலும் அதே கதைதான். இதை அவன்கிட்ட மறைக்காம சொன்னேன். லா கூர்நவ் கதையையும் முழுசா சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டான், "அந்தப் பையனோட அப்பா அந்தக் காரை வச்சிருந்தாராண்ணா?" என்கிட்ட பதில் இல்ல.

வியாழக்கிழமை ராத்திரி சித்தி வீட்டுக்குப் போனோம். ஃபோன்ல ரெண்டு டிசைன் காமிச்சோம், ஒண்ணு ஜெட் கிங், ஒண்ணு சித்தப்பா பேர். நான் பிளஸ், மைனஸ் எல்லாம் விளக்க ஆரம்பிச்சேன். சித்தி தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே கேட்டாங்க. "ஏன்டா, பேரைக் கெடுக்கிற மாதிரி வேலை செய்யப் போறானா இவன்?" தம்பி இல்லம்மான்னான். "அப்புறம் என்ன?" ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு அப்பவே மெசேஜ் போயிடுச்சு.

கடை திறந்து இப்போ அஞ்சு வாரம் ஆகுது. போர்டு மேல பெருசா சித்தப்பா பேர், கீழ வாட்டர் வாஷ். (பேரை இங்க சொல்லாம விடுறேன், சித்திகிட்ட அதுக்கு மட்டும் பர்மிஷன் வாங்கல.) வர்றவங்க யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்லங்கிறது வேற விஷயம். பக்கத்துல ஒரு வேப்பமரம் இருக்கிறதால ஆட்டோக்காரங்களுக்கு அது 'மரத்தடி வாட்டர் வாஷ்'. ஃப்ளாட்காரங்க ஃபோன்ல இவன் நம்பர் 'பாசி தம்பி'ன்னு இருக்கு, நானே பார்த்தேன். பதினோரு பேர் யோசிச்சவனுக்கு இந்த ரெண்டும் தோணல, ஷீட் போட்ட எனக்கும் தோணல.

அந்த ஒரு ஸ்டார் போன வாரம் வந்துடுச்சு. "வேலை சுத்தம், ஆனா சொன்ன நேரத்துக்கு வரல"ன்னு. கடை பேர் சித்தப்பா பேர்ங்கிறதால, படிக்கும்போது அவரையே சொல்ற மாதிரிதான் இருந்தது. தம்பி மூஞ்சி செத்துப்போச்சு. அம்மாகிட்ட காட்டாதீங்கன்னான். ஆனா சித்தி ஏற்கெனவே பார்த்துட்டாங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணு காமிச்சிருக்கா. ரெண்டு தடவை படிச்சிருக்காங்க போல. என்னைப் பார்த்ததும் சிரிச்சுட்டாங்க.

"சரியாத்தான்டா எழுதியிருக்கான். உங்க சித்தப்பா என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தாரு?"